புஷ் மட்டுமா, முழு ஆர்முமா?

காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக், "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு சார்" என்கிறார். அடுத்து அவர் சொல்வது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "பழசை பிரஸ்ல தள்ளிட்டு புது புஷ் போட்டுடலாம்." இல்லையென்றால், "ஆர்மையே செட்டா மாத்திடுங்க, தலைவலி மிச்சம்." முதலாவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் உருளை. இரண்டாவது முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கை. இரண்டுக்கும் விலையில் நல்ல இடைவெளி உண்டு. அதனால் முதலில் சொல்பவர் நேர்மையானவர், இரண்டாவது சொல்பவர் நம் பையைக் குறிவைக்கிறார் என்று தோன்றும். பல நேரம் அது தவறான முடிவு.

முதலில் இந்த ஆர்ம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சக்கரம் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் போக வேண்டும். ஆனால் முன்னும் பின்னும், உள்ளும் வெளியும் அலையக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டைக் கொடுப்பதுதான் கன்ட்ரோல் ஆர்ம். நம் கையோடு ஒப்பிடலாம். தோள் பக்கம் வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு நிற்கிறது. மணிக்கட்டு பக்கம் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேர்கிறது. இன்றைய சின்னக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான் இருக்கும். ஸ்ட்ரட் என்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண். அதில் ஒரு பக்கத்துக்குக் கீழே ஒரே ஓர் ஆர்ம். ஆங்கில எல் எழுத்து மாதிரியோ முக்கோணம் மாதிரியோ இருக்கும். மேல் ஆர்மின் வேலையை ஸ்ட்ரட்டே பார்த்துக்கொள்ளும்.

மணிக்கட்டில் இருப்பது பால் ஜாயின்ட். குழிக்குள் உட்கார்ந்த எஃகுக் குண்டு அது. சக்கரம் திரும்பவும் வேண்டும், ஏறி இறங்கவும் வேண்டும் என்பதால் எல்லாப் பக்கமும் சுழலும். தோளில் இருப்பவைதான் புஷ்கள், பெரும்பாலும் இரண்டு. ஒரு புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே சின்னதாக இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். உள்குழாயின் வழியே போல்ட் நுழைந்து, அடிச்சட்டத்தின் இரண்டு காதுகளுக்கு நடுவே அதை நசுக்கிப் பிடிக்கும்.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பார்த்தால் கதவுக் கீல் மாதிரி, போல்ட்டைச் சுற்றி புஷ் சுழல்கிறது என்றுதான் தோன்றும். சுழல்வதே இல்லை. உள்குழாய் போல்ட்டோடு அசையாமல் நிற்கிறது, வெளிக்குழாய் ஆர்மோடு ஒட்டி நிற்கிறது. ரப்பரும் இந்த இரண்டு குழாய்களோடும் ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஆர்ம் எப்படி ஏறி இறங்குகிறது? நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சில டிகிரி ஒரு பக்கம் முறுக்கி, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் இதற்கு கிரீஸ் தேவையில்லை. உராயும் பரப்பு என்று எதுவும் உள்ளே இல்லை. புஷ் தேய்ந்துவிட்டது என்று வாய் தவறிச் சொல்கிறோம். உண்மையில் அது தேய்வதில்லை. லட்சக்கணக்கான முறை முறுக்குப்பட்டுக் களைத்துப்போய்க் கிழிகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பின்பாதிக்கு இதுதான் சாவி.

ரப்பருக்குப் பதில் உறுதியான ஒரு பேரிங்கைப் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். பந்தயக் கார்களில் போடுகிறார்கள். வீட்டுக் காரில் போட்டால் சாலையின் ஒவ்வொரு சரளைக் கல்லும் ஸ்டியரிங்கில் வந்து பேசும். ரப்பர் அந்த அதிர்வை விழுங்குகிறது. அதோடு இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு புஷ்களும் ஒரே மாதிரி இருக்காது. பொதுவாக எல் வடிவ ஆர்மில் ஒரு புஷ் கெட்டியாக இருக்கும். வளைவில் சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது அதன் பொறுப்பு. மற்றது பெரியதாக, வேண்டுமென்றே மெத்தென்று இருக்கும். சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது நூலளவு பின்னால் போய் அடியை வாங்கிக்கொள்ள அது இடம் கொடுக்கும். அந்த மெத்தைக்காக ரப்பருக்குள்ளேயே பிறை வடிவில் வெற்றிடங்கள் விட்டிருப்பார்கள். புத்தம் புது புஷ்ஷில் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, கிழிந்த பொருளை விற்றுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. சில கார்களில் அந்த வெற்றிடத்தில் திரவத்தையும் நிரப்பியிருப்பார்கள். அப்படிப்பட்ட புஷ் கிழிந்தால் ஆர்மில் கறுப்பாக ஓர் ஒழுகல் கறை தெரியும்.

இந்த மெத்தை புஷ்தான் பெரும்பாலும் முதலில் போகும். அது சற்று நெகிழ்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கெட்டியான முன் புஷ்ஷிலிருந்து மெத்தென்ற பின் புஷ் 25 செ.மீ. பின்னால் இருக்கிறது, பால் ஜாயின்ட் 35 செ.மீ. வெளியே இருக்கிறது என்று வையுங்கள். பின் புஷ் பக்கவாட்டில் 3 மி.மீ. ஆடினால், முன் புஷ்ஷை அச்சாக வைத்து ஆர்ம் திரும்பும். அப்போது சக்கரம் முன்பின்னாக 4.2 மி.மீ. நகரும். நெம்புகோல் கணக்குத்தான். பிரேக் பிடிக்கும்போது பின்னால் போகும், விட்டால் முன்னால் வரும். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் அதிகம் என்றால் பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம், நேர் சாலையில் ஸ்டியரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பது, டயரின் ஒரு விளிம்பு மட்டும் வேகமாக மொட்டையாவது, இவையெல்லாம் இதே குடும்பம். டயர் விளிம்பு போவதைப் பார்த்துவிட்டு, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் மட்டும் செய்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. ஆடுகிற புஷ்ஷின் மேல் செய்த அலைன்மென்ட் ஓடும் தண்ணீரில் எழுதின கணக்கு.

ஆனால் டொக் என்று கேட்டதெல்லாம் புஷ் ஆகிவிடாது. ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மேல் மவுன்ட், பால் ஜாயின்ட் எல்லாமே ஏறக்குறைய இதே பாஷைதான் பேசும். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒரு நெம்புகம்பியை வைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் கொஞ்சம் நெளிவது இயல்பு. உள்குழாய் ரப்பரை விட்டுத் தனியே நகர்ந்தாலோ, கிழிசலின் வழியே அடுத்த பக்கம் தெரிந்தாலோ அது முடிந்த கதை. மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் மட்டும் தெரிந்தால் அவசரம் வேண்டாம். வெயிலும் ஓசோனும் வருடக்கணக்கில் தோலில் போட்ட சுருக்கம் அது, உள்ளே ரப்பர் இன்னும் உறுதியாக இருக்கக்கூடும். இன்னொன்றையும் பாருங்கள். என்ஜினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ எண்ணெய் சொட்டி புஷ்ஷின் மேல் விழுகிறதா? இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி மென்மையாகிவிடும். ஒழுகலை அடைக்காமல் புது புஷ் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

சரி, புஷ் போனது உறுதியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

எனக்குத் தெரிந்தவரை, இந்தக் கேள்விக்குப் பதில் புஷ்ஷில் இல்லை. ஆர்மின் மறுமுனையில் இருக்கிறது. பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா? சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் பக்கத்தில் ஆட்டம் தெரிகிறதா? அந்த நேரம் இன்னொருவர் அடியில் பார்த்துச் சொல்வது நல்லது. வீல் பேரிங் ஆட்டமும் கைக்கு இதே மாதிரிதான் வரும். புஷ் கிழிந்தால் வண்டி அலையும், ஆனால் போல்ட் உள்குழாய்க்குள் நிற்பதால் ஆர்ம் உடனே கழன்று விழாது. பால் ஜாயின்ட் கழன்றால் அந்தக் கணமே சக்கரம் கட்டுப்பாட்டை விட்டு மடங்கும். இரண்டும் ஒரே ஆர்மில் இருந்தாலும் ஆபத்தில் ஒரே எடை அல்ல.

அந்த பால் ஜாயின்ட் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். சில ஆர்மில் போல்ட் போட்டிருக்கும், கழற்றி மாற்றலாம். சிலவற்றில் கம்பெனியிலேயே ரிவெட் அடித்திருப்பார்கள். ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டு, புது ஜாயின்ட்டோடு வரும் போல்ட்டுகளைப் போடலாம். சிலவற்றில் ஆர்மோடு ஒன்றாகவே இருக்கும், தனியாக வராது. இந்த மூன்றாவது வகையில் ஜாயின்ட்டும் தளர்ந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, முழு ஆர்ம்தான். ஜாயின்ட் இன்று நன்றாக இருந்தாலும், புஷ்ஷும் அதுவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவை என்பதை மறக்க வேண்டாம். இன்று புஷ்ஷுக்காக ஆர்மை இறக்கி, அடுத்த வருடம் ஜாயின்ட்டுக்காக மறுபடி இறக்கினால் கூலியும் அலைன்மென்ட்டும் இரண்டு தடவை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை இந்த வேலைக்காகவே சொல்லி வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முழு ஆர்ம் என்றால் மூன்று நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை மாட்டுவது. புஷ் மட்டும் என்றால் அந்த வேலை அத்தனையும் உண்டு, அதற்கு மேல் பிரஸ் வேலை வேறு. பல வருட மழைநீரில் வெளிக்குழாயும் ஆர்மும் துருவால் ஒன்றாகியிருக்கும். அதைத் தள்ள டன் கணக்கில் அழுத்தம் வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ்ஸும் அளவுக்கேற்ற குழாய்த் தாங்கிகளும் இருக்கும் இடத்தில் இது அரை மணி வேலை. அவை இல்லாத இடத்தில் சுத்தியலும் உளியும் இறங்கும்.

அங்கேதான் ஆர்ம் கெடுகிறது. தகட்டை அழுத்தி வடித்த ஆர்மில் துளையின் சுவர் மெல்லியது. கீழே சரியான தாங்கல் கொடுக்காமல் அழுத்தினால் அந்தத் துளை வளைந்து கோணும். கோணிய துளைக்குள் புது புஷ் சாய்வாக ஏறும், இல்லையென்றால் பிடிப்பில்லாமல் தளர்ந்து நிற்கும். பழைய குழாயை ரம்பத்தால் அறுத்து எடுக்கும்போது பிளேடு துளையின் சுவரையும் சேர்த்துக் கீறினால், அந்தக் கீறலிலிருந்தே பின்னாளில் வெடிப்பு தொடங்கலாம். இன்னொரு வழக்கம், கேஸ் டார்ச்சால் ரப்பரை எரித்துவிடுவது. நெடியான கரும்புகை வரும். ஆர்ம் அலுமினியமாக இருந்தால் இது கூடவே கூடாது. அந்த உலோகத்தின் பலமே கம்பெனியில் அளந்து கொடுத்த வெப்பப் பதத்தில்தான் இருக்கிறது. சில நூறு டிகிரி சூட்டில் அது இறங்கிவிடும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அலுமினியமா இரும்பா என்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிரஸ் இருக்கா?" என்பதுதான். அவர் சுத்தியலைக் காட்டினால் முழு ஆர்ம் வாங்கிக் கொடுப்பது எவ்வளவோ மேல். அல்லது ஆர்மைக் கழற்றிக்கொண்டு போய் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் கொடுத்து ஏற்றி வரலாம். துரு பொருக்குத் தட்டிய ஆர்ம், பள்ளத்தில் இறங்கியதில் வளைந்த ஆர்ம் இவற்றுக்குப் புது புஷ் போடுவது வீண். வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, எப்போதும் முழு ஆர்ம்தான் சரி என்று நினைத்தால் அதுவும் பிழை. "புதுசு" என்ற சொல் நம்மை எளிதில் ஏமாற்றும். காரோடு வந்த அசல் ஆர்ம் நல்ல தகட்டில், நல்ல வெல்டிங்கோடு செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக வெளிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் முழு ஆர்ம்களில் தகடு மெலிந்ததும் உண்டு, ரப்பர் மட்டமானதும் உண்டு. அப்படி ஓர் ஆர்மை மாட்டினால் முதல் வாரம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும், ரப்பர் சீக்கிரமே கிழியும், பால் ஜாயின்ட்டும் கூடவே ஆடும். வளையாத, துருப்பிடிக்காத அசல் ஆர்மும், உறுதியான ஜாயின்ட்டும், பிரஸ் உள்ள பட்டறையும் அமைந்தால் தரமான புஷ்ஷை மட்டும் ஏற்றுவதே மேலான வேலை என்பேன். முழு ஆர்ம் வாங்குவதானால் கார் கம்பெனியின் பெட்டியிலோ, அந்தக் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுப்பவர்களின் பெட்டியிலோ வந்ததை வாங்குங்கள். மலிவு ஆர்மா, அசல் ஆர்மில் நல்ல புஷ்ஷா என்று போட்டி வந்தால் எனக்கு இரண்டாவதுதான். சில கார்களுக்குப் புஷ் தனியாக விற்பதே இல்லை. அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை.

பாலியூரித்தேன் புஷ் பற்றியும் கேட்பீர்கள். ரப்பரைவிடக் கெட்டி, பலவற்றைப் பிரஸ் இல்லாமலே இரண்டு பாதியாகப் பொருத்தலாம், ஸ்டியரிங் கூர்மையாகும். ஆனால் அது முறுக்கிக்கொள்ளாது, உள்குழாயின் மேல் உரசிச் சுழலும். அதற்கென்றே வரும் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், சாலை அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். அன்றாடம் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நான் ரப்பரையே சொல்வேன்.

இனி, புஷ்ஷோ ஆர்மோ எதை மாட்டினாலும் பொருந்துகிற ஒரு விஷயம். என் பழைய காரில் இரண்டு பக்கமும் நல்ல புஷ்களாக வாங்கி, பிரஸ்ஸிலேயே ஏற்றி மாட்டினார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒரு பக்கம் ரப்பர் உள்குழாயை விட்டுப் பிரிந்துவிட்டது. பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, தப்பு பொருளில் இல்லை. ஸ்பேனரை எப்போது இறுக்கினார்கள் என்பதில் இருந்தது.

ரப்பர் முறுக்கிக்கொள்கிறது என்று முன்பு சொன்னதை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி லிஃப்ட்டில் இருக்கும்போது சக்கரம் தொங்கும், ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கினால் உள்குழாய் அங்கேயே பூட்டிக்கொள்ளும். ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. பிறகு வண்டியைத் தரையில் இறக்கினால் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கேறும். வண்டி சும்மா நின்றாலும் அந்த முறுக்கு இறங்காது, இரவெல்லாம் பிழிந்த நிலையிலேயே இருக்கும் ஈரத்துணி மாதிரி. அதற்கு மேல் ஒரு பெரிய பள்ளம் வந்தால் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். கிழியாமல் என்ன செய்யும்? அந்த முறுக்கு ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்வதால் வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்பதும் உண்டு.

சரியான முறை எளிது. போல்ட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு, வண்டி தன் எடையில் இயல்பாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். சக்கரத்தோடு ராம்ப்பில் நிற்க வைத்துச் செய்யலாம். இல்லையென்றால் வேலையைத் தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்திவிட்டு, நக்கிளுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, அந்த அளவு வரும்வரை தூக்கிய பின் இறுக்கலாம். போல்ட் படுக்கையாக நுழையும் புஷ்களுக்கு இது கட்டாயம். செங்குத்தாக நுழையும் புஷ் இப்படி முறுக்கிக்கொள்வதில்லை என்பதால் அதற்கு அவ்வளவு இல்லை.

பிரஸ் செய்யும்போது திசையும் முக்கியம். பிறை வெற்றிடங்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் புஷ்ஷில் ஒரு குறி இருக்கும். பழையதைத் தள்ளுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 90 டிகிரி மாறி ஏறினால், மெத்தென்று இருக்க வேண்டிய திசை கெட்டியாகவும், கெட்டியாக இருக்க வேண்டியது மெத்தென்றும் ஆகிவிடும். வழுக்கலுக்கு என்ஜின் ஆயிலைத் தடவாமல் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

போல்ட், நட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இத்தனை நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் இன்னும் 90 டிகிரி என்று கையேட்டில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இழுபட்டு இறுகும் போல்ட், ஒரு தடவைக்குத்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரட் அமைப்பில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், ஆர்மைக் கழற்றினாலும் எகிறாது. ஸ்பிரிங் நேரடியாக ஆர்மின் மேல் உட்காரும் வண்டியில் பால் ஜாயின்ட்டைக் கழற்றினால் அழுத்தி வைத்த ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும். எந்த அமைப்பு என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்வார்கள். பள்ளத்தில் மோதி ஒரு பக்க ஆர்ம் வளைந்தது என்றால் அந்தப் பக்கம் மட்டும் போதும். வயதாகிக் கிழிந்தது என்றால் மற்றதும் அதே சாலையில்தான் ஓடியிருக்கிறது. ஒன்று கெட்டியாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தால் பிரேக்கில் இழுப்பது தொடரும். வேலை முடிந்ததும் நேரே அலைன்மென்ட்டுக்கு விடுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: "போல்ட்டை வண்டி கீழே நின்ன பிறகு இறுக்கினீங்களா, மேலே தொங்கும்போதா?" பதில் சொல்வதற்கு முன் அவர் ஒரு நொடி யோசித்தால், வண்டியை மறுபடி ராம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை இரண்டு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, திரும்ப இறுக்கப் பத்து நிமிடம் போதும்.